மடக்குக் கத்தி கொள்முதல்: எண் கூடினால் மட்டும் போதுமா?

சாக்கின் தையல் நூலை அறுக்க, அட்டைப்பெட்டியைக் கிழிக்க, நைலான் கயிற்றை வெட்ட என்று நம் கடைகளில் ஒரு மடக்குக் கத்தி கல்லாப் பெட்டி அருகிலேயே கிடக்கும். உறுப்பினர்கள் பலர் அதை விற்பனைக்கும் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விலை பார்த்தோம், பிடி பார்த்தோம், வாங்கினோம். இப்போது கத்தி அலகிலேயே டி2, எஸ்30வி, எம்390 என்று எஃகின் பெயரைப் பொறித்து, பெட்டியில் எச்.ஆர்.சி. 61 என்று அச்சிட்டு, அதற்குத் தனி விலை கேட்கிறார்கள். எண் கூடினால் சரக்கு உசத்தி என்று நினைத்து நாங்கள் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம்.

2019ஆம் ஆண்டு அப்படிப்பட்ட கத்தி இரண்டு டஜன் எடுத்தோம். "மழுங்கவே மழுங்காது" என்று சரக்குக் கொடுத்தவர் சொன்னார். நாங்களும் அதையே சொல்லி விற்றோம். மூன்று மாதம் வரை வாங்கியவர்கள் மெச்சினார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தோம். "அண்ணாச்சி, கத்தி தீருதா, என் கல்லு தேயுதான்னே தெரியல" என்றார். "கொஞ்சம் அழுத்திப் பிடியுங்க தம்பி" என்று சொன்னது எங்கள் தவறு. பொறி பறந்தது, ஓரம் நீலம் பாய்ந்தது. நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிடும். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்கும் வரை கூர் நிற்காது. இன்னொருவர் எண்ணெய் டின் மூடியை நெம்பி, முனை ஒடிந்த கத்தியோடு வந்தார். எட்டுக் கத்திக்குப் பணம் திருப்பிக் கொடுத்தோம். பணம் போனதைவிட, பொய் சொல்லி விற்றோம் என்ற பேச்சுதான் உறுத்தியது. அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தோம்.

எச்.ஆர்.சி. என்பது ராக்வெல் அளவு. ஒரு வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். குறைவாக இறங்கினால் எண் கூடும். உலகம் முழுவதும் விற்கும் சுவிட்சர்லாந்து விக்டோரினாக்ஸ் கத்தியின் அலகு சுமார் 56தான். எந்தக் கல்லிலும் நாலு இழுப்பில் கூர் ஏறிவிடும். விலை கூடிய ரகங்கள் 60 முதல் 64 வரை போகின்றன. டங்ஸ்டனும் கோபால்ட்டும் சேர்ந்த மாக்ஸமெட் போன்றவை 67ஐயும் தொடும்.

ஆனால் இந்த எண் சொல்வது பாதிக் கதைதான். கூர் மடங்காமல் நிற்பது கடினத்தால். தேயாமல் நிற்பது எஃகுக்குள் இருக்கும் கார்பைடு மணிகளால். கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் கலவைக்குள் ஜல்லி கிடப்பதுபோல, எஃகுக்குள் இந்த மணிகள் கிடக்கின்றன. ஜல்லி கூடினால் தேய்மானம் குறையும். அளவு மீறினால் ஓரம் பெயரும். கார்பனோடு குரோமியம் சேர்ந்தும் மணி உண்டாகும், வனேடியம் சேர்ந்தும் உண்டாகும். வனேடியம் மணி மிகக் கடினம். எஸ்30வியில் வனேடியம் சுமார் 4 சதவீதம், எஸ்90வியில் சுமார் 9 சதவீதம். உருக்கி வார்க்கும் பழைய முறையில் இவ்வளவு சேர்த்தால் மணிகள் பெரிதாகத் திரண்டு எஃகு நொறுங்கும். அதனால் உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாணைக்காரர் திணறியதன் விடையும் இங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சாணைக்கல்லில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் மணி அதைவிடக் கடினம். கார்போரண்டம் கல்லும் சற்றுக் கீழேதான். வைரத்தூள் பதித்த தகடு மட்டுமே சிரமமில்லாமல் அறுக்கும். அதையும் கையால் மெதுவாக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரம் கூடவே கூடாது.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி2 தகடு வெட்டும் அச்சுகளுக்கு நெடுநாளாகப் பயன்படும் எஃகு. குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தும் அதில் பெரும்பகுதி கார்பைடுக்குள் போய்விடுவதால் முழு எவர்சில்வர் ஆகாது. புளி, உப்பு, கருவாடு வெட்டித் துடைக்காமல் மடக்கி வைத்தால் கறை பிடிக்கும், துருவும் ஏறும். மாக்ஸமெட்டில் குரோமியம் இன்னும் குறைவு. எம்390இல் குரோமியம் 20 சதவீதம் என்பதால் அது தாக்குப்பிடிக்கும். விலையும் அதற்குத் தக்கபடிதான்.

ஆகவே யார் வாங்குகிறார் என்று பார்த்து எடுப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒரே கத்தியால் எலுமிச்சையும் வெட்டி, மூடியும் நெம்பும் சில்லறைக் கடைக்காரருக்கு 56 முதல் 58 வரையுள்ள எவர்சில்வர் கத்தியே போதும். நாள் முழுக்க அட்டைப்பெட்டி கிழிப்பவருக்குத்தான் தேயாத எஃகால் ஆதாயம். அட்டையைப்போல் கூரைத் தின்பது வேறில்லை. அவருக்கும் பெட்டியின் இரும்புப் பின்னைத் தவிர்க்கச் சொல்லிவிடுவோம். கடினமான ஓரம் பின்னில் பட்டால் சில்லுப் பெயரும். வைரத் தகடும் சேர்த்து வாங்கினால்தான் கத்தியை எடுத்துக் கொடுப்பது.

அலகில் பொறித்த பெயர் உண்மையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. ஒரே எஃகு என்றாலும் பதம் போட்டவர் கைவாகில் நல்லதும் கெட்டதும் உண்டு. எனவே எஃகின் பெயரையும் ராக்வெல் எண்ணையும் பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் மலிவு ரகத்தை மட்டும் எடுங்கள்.

திரும்பி வந்த எட்டில் ஒன்று எங்கள் குடோனிலேயே இருக்கிறது. நீலம் பாய்ந்த ஓரத்தை வைரத் தகட்டில் தேய்த்து எடுக்கப் பையனுக்கு இரண்டு நாள் பிடித்தது. இன்றும் பெட்டி கிழிப்பது அதுதான். மாதம் ஒருமுறை தகட்டில் பத்து இழுப்பு, மடக்கும் ஆணிக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.