இழிசொல்லும் வியாபாரக் குறியும்

‘ஸ்லான்ட்ஸ்’ என்பது, கண்ணின் சாய்வைச் சுட்டி, அமெரிக்காவில் ஆசியரை இழித்துரைக்கும் சொல். ஆசிய வழியினரான சைமன் டாம் அதனையே தம் இசைக்குழுவுக்குப் பெயராக இட்டார். ஏசுவோர் கையினின்றும் அச்சொல்லைப் பறிப்பதே அவர் நோக்கம். பதிவு அலுவலகமோ மறுத்தது. மக்களை இழிவுபடுத்தும் வியாபாரக் குறிகளை 1946ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது. ஏச்சுக்கு ஆளானவரே ஏசுபவராகக் கருதப்பட்டமை விந்தையன்றோ!

வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. பதிவுபெற்ற குறி அரசாங்கத்தின் கூற்றாகும் என அரச தரப்பு வாதித்தது. அங்ஙனமாயின் சவர்க்காரத்தையும் சப்பாத்தையும் அரசே கூவி விற்பதாக முடியும். 2017இல் நீதியரசர் எண்மரும் அவ்வாதத்தை ஒருமுகமாகத் தள்ளி, அவ்விலக்கு பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானதெனத் தீர்த்தனர்.

ஆயினும், ‘செந்தோலர்’ எனப் பொருள்படும் பெயர்தாங்கிய வாஷிங்டன் பந்தாட்டக் குழுவின் குறிகளுக்கு எதிராகப் பூர்வீகக் குடியினர் நெடுங்காலம் நடத்திய வழக்கும் அத்தீர்ப்பினாலேயே வீழ்ந்தது. அக்குழு அப்பெயரைக் கைவிட்டது 2020இலேதான். அதுவும் சட்டத்தின் ஆணையாலன்று.