சின்னப் படகுதானே என்று இறக்கிவிடுவதற்கு முன்

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய பாய்ப்படகின் உடல் எடை 60 கிலோவுக்குள்தான். அந்த அளவுப் படகைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்துவந்து, இரண்டு பேர் சேர்ந்தால் கடலில் இறக்கிவிடலாம். மணப்பாட்டுக்குக் காற்றையும் அலையையும் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து, திருச்செந்தூரை ஒட்டிய கடலில் சொந்தப் படகு ஓட்டும் ஆசையும் பலருக்கு எழுவது இயல்பு. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்குத் துணையாக இரண்டு நம்பிக்கைகள் வருகின்றன: இடுப்பளவுத் தண்ணீரில் என்ன ஆகிவிடும், இன்ஜினே இல்லாத படகுக்கு என்ன சட்டம் என்று. இரண்டையும் நம்பிக் கடலில் இறங்குவது ஆபத்து.

முதலில் தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்துவரும் மேல்காற்று, இந்தக் கரையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரம் அலையடங்கிக் குளம்போலத் தெரியும். அதே காற்று, பாயைக் கையாளத் தெரியாதவரை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பிவர காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். புதியவருக்கு அது சட்டென்று கைவராது. படகு கவிழ்ந்தால் ஆழக்கடலைவிட ஆழமில்லாக் கடலே சில வகையில் மோசம். தலைகீழாகிற படகின் பாய்மர நுனி மணலிலோ சேற்றிலோ குத்தி நின்றுவிட்டால், படகடியில் நீளும் நடுப்பலகையில் ஏறி எத்தனை மிதித்தாலும் படகு நிமிராது. பாறையும் பாரும் உள்ள இடங்களில் அந்தப் பலகையே உடையும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் கழிமுகத்தில் ஆற்றோட்டமும் அலையும் மோதுவதால், நேற்று பார்த்த மணல்திட்டு நாளையும் அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. இவற்றோடு கள்ளக்கடலும் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும், எங்கோ தெற்கே கிளம்பிய நீண்ட அலை ஆழம் குறைந்த கரையை அடைந்ததும் உயர்ந்தெழும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் கரையோர அலையில் சிக்கி இறந்தது, இப்படி எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. காற்று மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர் அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து சட்டம். இந்தியக் கரையோரம் மட்டுமே ஓடும் 15 டன்னுக்கு உட்பட்ட கலங்களை 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பதிவுக் கட்டாயத்திலிருந்து விலக்கியிருந்தது. ‘பேப்பரே தேவையில்லை’ என்று விற்பவர் சொல்வது அந்த நினைப்பில்தான். ஆனால் நாடாளுமன்றம் 2025-ல் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் நிறைவேற்றிவிட்டது. பழைய விலக்கு பழையபடியே செல்லும் என்று வாய்வார்த்தையை நம்பிப் பணம் கொடுப்பது விவேகமல்ல. படகுக்கு எப்படியோ, அதைச் சுமக்கும் டிரெய்லர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் ஒரு வாகனம். பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் அது யாரையாவது இடித்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழலாம். வடக்கே தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அவற்றில் இறங்கினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். இலங்கைக்குப் பீடி இலை கடத்தும் படகுகளைத் தேடிக் காவல் சுற்றும் கடல் இது. வாங்கிய ரசீதும் அடையாள அட்டையும் இல்லாமல் இருட்டில் படகு இறக்குபவர் விசாரணைக்கு ஆளானால் யாரையும் நொந்துகொள்ள முடியாது. தெரிந்தவர்களிடம் பணம் வாங்கி ஏற்றிச் சென்றாலோ அது பொழுதுபோக்கு என்ற கணக்கிலேயே வராது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேரும், 2014 பிப்ரவரியில் மணப்பாட்டில் பலரும் இறந்தது மீன்பிடிப் படகில் போன உல்லாசப் பயணங்களில்தான்.

கரையில் மீனவர் தடை சொன்னால், ‘கடல் எல்லோருக்கும் பொது, மீனவர் மட்டும் தடுக்கலாமா?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. கடற்கரை பொதுச்சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் கமல்நாத் வழக்கில் சொன்னது. அந்தப் பொதுமை அமலிநகரிலும் ஆலந்தலையிலும் அன்றாடம் வலை விரிப்பவருக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுப்பதே பாரம்பரிய மீனவருக்காக. கடலில் மோதல் தவிர்க்கும் சர்வதேச விதிகளும், விசையில் ஓடும் கலம் பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்றாலும், வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகுதான் விலக வேண்டும் என்கின்றன. (7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகில் விளக்கு பொருத்த முடியாவிட்டால் டார்ச் கையில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு, பலர் இதை அறிவதில்லை.) ஆகவே எந்தத் துறையில் இறக்குவது, வலை எங்கே கிடக்கிறது என்று ஊர்க் கமிட்டியிடம் முதல் நாளே கேட்பது சலுகைக்காகக் கெஞ்சுவதாகாது. இவ்வளவு விதி பார்த்தால் யார் படகு வாங்குவார்கள் என்பார்க்கு, தொண்டியில் மீனவர்களே பாய்மரப் படகுப் போட்டி நடத்துவதை நினைவூட்டலாம். விளையாட்டுக்குக் கரை எதிரியில்லை.

தவறு நடந்துவிட்டால் வழி உண்டு. குறைபாடுள்ள படகையோ, கிழிந்த லைஃப் ஜாக்கெட்டோடு வாடகைப் படகையோ தந்தவர்மீது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே கிடையாது. இதற்கு ரசீதும் எழுத்தில் உள்ள உத்தரவாதமும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடக் கூடாது. எந்தப் பகுதியில் படகு விடலாம், என்ன அனுமதி வேண்டும் என்பதற்கு அலுவலகத்தில் வாய்மொழிப் பதில் மட்டும் கிடைத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 30 நாளில் எழுத்தில் பெறலாம். படகு பட்டு மீனவர் வலை கிழிந்தால் அன்றே கரையில் அளவும் மதிப்பும் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுவது, பின்னால் காவல் நிலையம் போவதைவிட மலிவு. கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களும் நீர் புகாத உறையில் போட்ட கைப்பேசியில் இருக்கட்டும். அந்த உறை படகில் கிடக்காமல் ஓட்டுபவர் உடம்பில் கட்டியிருக்கட்டும்.