எலிஹு, டேவிட், ஜோசப்

சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது. இவருடைய மகன் டேவிட், சென்னையிலேயே குழந்தைப் பருவத்தில் இறந்துபோனான். யேலின் மனைவிக்கு முதல் கணவரான ஜோசப் ஹின்மர்ஸும் சென்னையில் மறைந்தவர்தாம். இருவரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த மூன்று பெயர்களும் விவிலியத்திலிருந்து வந்தவை. எலிஹு, யோபுவின் வரலாற்றில் வருகிறவன். தேடிப் பிடித்தால்தான் கிடைக்கும் பெயர்! அதை ஏன் தேடிப் பிடித்தார்கள்?

அதற்கு முந்தைய இங்கிலாந்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் ஞானப் பெற்றோரின் உரிமை. பலர் தம் பெயரையே வைத்துவிடுவார்கள். ஆகவே ஊரெங்கும் ஜான், தாமஸ், வில்லியம், ராபர்ட். முதலிரண்டும் விவிலியத்தில் உள்ளவையே என்றாலும், மக்கள் அவற்றைப் புனிதர்களின் பெயர்களாகவே போற்றினார்கள்.

1534இல் எட்டாம் ஹென்றி மன்னர் ரோமாபுரியின் தொடர்பை அறுத்தார். புனிதர் வழிபாடு நாளடைவில் மங்கியது. 1560இல் ஜெனிவா விவிலியம் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் வைத்துப் படிக்கத்தக்க அளவில் அச்சான நூல் அது. விவிலியப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் தொகுத்த பட்டியல் ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. 'பியூரிட்டன்' எனப்பட்ட தீவிரச் சீர்திருத்தக்காரர்கள் பழைய ஏற்பாட்டின் பக்கம் திரும்பினார்கள். சாமுவேல், டேனியல், சாரா, அபிகாயில் எல்லாம் தொட்டிலுக்கு வந்தன. சாமுவேல், பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டிப் பெற்ற மகன். குழந்தைகள் பலர் பிழைக்காத அந்தக் காலத்தில், ஒரு தாய்க்கு அந்தப் பெயரே பிரார்த்தனையாக இருந்திருக்கும்.

சிலர் எல்லை மீறியதும் உண்டு. 'இறைவனைப் போற்று' என்று பொருள்படும் ப்ரெய்ஸ்-காட் பேர்போன் என்பவரை வைத்து, 1653இல் கூடிய பாராளுமன்றத்தையே கேலி செய்தார்கள்.

1660இல் முடியாட்சி திரும்பியது. அரசுத் திருச்சபையில் சேர மறுத்தவர்களுக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் கிடையாது. அந்தக் குடும்பங்களில் ஆபிரகாம், ஜோசையா போன்ற பெயர்கள் தொடர்ந்தன. கல்கரி கொண்டு இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பியும், பீங்கான் தொழிலில் புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட்டும் அத்தகைய குடும்பத்தவரே.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பக்தியை அளக்க வேண்டாம். விஞ்ஞானி ஐசக் நியூட்டன், தகப்பன் இறந்து சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் 1642இல் பிறந்தார். தகப்பன் பெயரும் ஐசக்தான். தில்லியிலோ மும்பையிலோ பிறந்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் நமக்கு, அந்தத் தாயின் மனம் புரியாதா என்ன?