அப்பாவின் உயிலில் சந்தேகமா?

தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். மூத்த மகன் ஓர் உயிலை எடுத்துக் காட்டுவார். கிணறும் மூன்று ஏக்கர் நஞ்சையும் தமக்கே என்பார். தம்பியும் தங்கையும் திகைத்து நிற்பார்கள். கிராமங்களில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி இது. அந்த நேரத்தில் வரப்புச் சண்டை வேண்டாம். இந்துக் குடும்பங்களுக்கான சட்ட நிலையை அறிந்துகொள்வது நல்லது.

நிலம் எப்படி வந்தது?

தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலமானால், யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க அவருக்கு உரிமை உண்டு. "எனக்குத் தரவில்லை" என்பது மட்டும் வழக்குக்குக் காரணமாகாது. பூர்விகச் சொத்தானால் தம் பங்கை மட்டுமே அவர் உயிலில் எழுத முடியும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாகம் பிரியாத பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

உயில் செல்லுமா?

உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்ததாலேயே சந்தேகம் நீங்கிவிடுவதும் இல்லை. உயிலைக் காட்டி உரிமை கேட்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நினைவு தடுமாறிய காலத்துக் கையெழுத்து, பலன் பெறுபவரே முன்னின்று எழுதுவித்தது, மனைவி மக்களைக் காரணமின்றி ஒதுக்கியது ஆகியவை சந்தேகத்துக்கு இடமானவை. ஆனால் மிரட்டி எழுதி வாங்கினார் என்று சொல்பவர் அதைத் தாமே நிரூபிக்க வேண்டும்.

உயில் செல்லாது என்றானால், சுய சம்பாத்திய நிலம் தகப்பனாரின் மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் அவருடைய தாயார் ஆகியோருக்குச் சம பங்காகும்.

செய்ய வேண்டியவை

1. பதிவான உயிலானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெறுங்கள். எழுதியவர் இறந்தபின் யாரும் விண்ணப்பித்துப் பெறலாம்.

2. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், தகப்பனாரின் பழைய கையெழுத்துகள், வைத்தியச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

3. பட்டா மாற்றத்துக்குத் தாசில்தாரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். பட்டா மாறியதாலேயே உங்கள் உரிமை போய்விடாது.

4. படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும், முக்கியமாக விடுதலைப் பத்திரத்தில், கையெழுத்திடாதீர்கள்.

5. வழக்குக்குக் காலவரம்பு உண்டு. தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

தாலுகா நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில், பெண்களும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். வழக்கு நீண்டால் நிலம் தரிசாகும். மூன்று ஏக்கரின் விலை செலவிலேயே கரைந்துவிடும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வழியிருந்தால் அதை முதலில் நாடுவதே சிறு விவசாயிக்கு லாபம்.