காக்கிச் சட்டையும் பழைய கறையும்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். போலீஸ் உத்தியோகத்துக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியவன். ஓட்டத்திலும், கயிறு ஏறுவதிலும், நீளத் தாண்டுவதிலும் தேறியவன். அப்படிப்பட்டவன் கல்யாண வீட்டுப் பிள்ளையைப்போல் அல்லவா வரவேண்டும்? முகத்திலோ களை இல்லை. "என்ன தம்பி விசேஷம்?" என்று கேட்டோம். பதில் சொல்லாமல் ஒரு பாரத்தை எடுத்து நீட்டினான்.

அது நடத்தை விசாரணைக்கான பாரம். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடந்தான் அவனை வாட்டியது.

பதினேழு வயதில் கூடாத சேர்க்கையால் அவன் கஞ்சாப் புகைக்கப் பழகியிருந்தான். ஒரு மாலை, ரயிலடிக்கு அருகில், ஒரு சிறு பொட்டலத்துடன் தோழர் இருவரோடு பிடிபட்டான். இளைஞர் நீதிக் குழுமம் அவனுக்குப் புத்தி கூறி அனுப்பிற்று. தாயார் அவனை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வாரந்தோறும் கூடவே இருந்து சிகிச்சை செய்வித்தாள். ஐந்து வருஷங்களாக அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இவை யாவும் நாம் அறிந்தவையே.

"மாமா 'இல்லை' என்று எழுதிவிடச் சொல்கிறார், ஸார். யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்."

இருபது வருஷமாக வகுப்பில் "பொய் சொல்லாதே" என்று போதித்து வருகிறோம். அப்படிச் சொல்வதனால் ஒருவனுடைய பிழைப்பு போய்விடக்கூடும் என்ற நிலை அன்றுதான் நமக்கு முதல் முதலாக வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், நேயர்களே. நமக்கும் நா எழவில்லை. "இரண்டு நாள் கழித்து வா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சட்டம் அறிந்த நண்பர் ஒருவரிடம் ஓடினோம்.

இலாகா ஏன் கேட்கிறது?

முதலில், இந்தக் கேள்வி நியாயமானதுதானா? நியாயமானதே. பிடிபடும் லாகிரி வஸ்துக்கள் வழக்கு முடியும் வரையில் போலீஸாரின் காவலில் இருக்கின்றன. 2022-ல் மதுரா நகரத்துப் போலீஸார், தங்கள் காவலில் இருந்த 500 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாக நியாயஸ்தலத்தில் தெரிவித்தார்கள். மறு வருஷம் சென்னையிலும் ஒரு வழக்கில் எலிகளின்மேலேயே பழி விழுந்தது. கைப்பற்றிய 22 கிலோவில் பெரும்பாகம் காணாமற்போகவே, எதிரிகள் விடுதலையானார்கள். நம் நாட்டு எலிகளுக்கு இத்தனை லாகிரிப் பழக்கம் எப்போது பிடித்ததோ, அறியோம். காவல் நிலையத்துக் கிடங்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அற்ப விஷயமல்ல என்பது மட்டும் தெளிவாகிறது.

கஞ்சா விற்பவன் ஒரு கான்ஸ்டேபிளைப் பார்த்து, "என்னப்பா, பழைய சிநேகிதத்தை மறந்துவிட்டாயா?" என்று கேட்கும் நிலை வரலாமா? பிறர் அறியாத ரகசியம் உள்ளவனை அந்த ரகசியத்தை அறிந்தவன் ஆட்டிவைப்பான். ரகசியமே இல்லாதவனை யார் என்ன செய்ய முடியும்?

சட்டம் சொல்வது

இவ்விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு குரல்களில் பேசியிருப்பதாக நண்பர் விளக்கினார். ஒன்று கருணையின் குரல். இளம் வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, அது சமாதானத்தில் முடிந்தபின், டில்லிப் போலீஸ் உத்தியோகத்துக்கு மனுச் செய்தபோது அதை எழுதாமல் விட்ட ஒருவனுக்கு 2011-ல் அந்தக் கோர்ட்டு இரங்கிற்று. ஒரு ரொட்டியைத் திருடியதற்காக ஆயுள் முழுவதும் திருடன் என்று பெயரெடுத்த ஜீன் வால்ஜீனை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் நினைவு கூர்ந்தார்கள். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய விக்டர் ஹியூகோவின் கதையைப் படித்தவர்கள் அவனை எளிதில் மறக்கமாட்டார்கள்.

மற்றொன்று எச்சரிக்கையின் குரல். 2016-ல் மூன்று நீதிபதிகள் முந்தைய தீர்ப்புகளை எல்லாம் ஒருங்கே பரிசீலித்து ஒழுங்குபடுத்தினார்கள். கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும்; எதையும் மறைக்கலாகாது. இளம் வயதில் செய்த அற்பக் குற்றமானால், மறைத்ததையும் அதிகாரி தம் விவேகத்தின்படி மன்னிக்கலாம். குற்றம் அற்பமானதல்லவென்றால், நியமனத்தை ரத்துச் செய்யலாம். உண்மையை எழுதியவனுக்கும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. அவனுடைய பூர்வோத்தரங்களை ஆராயும் உரிமை இலாகாவுக்கு உண்டு. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டு விதி இன்னும் கடுமையானது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவனையும், வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே அது கருதுகிறது. 2008-ல் சென்னை ஹைக்கோர்ட்டின் முழு பெஞ்சும் இவ்விதியை ஒட்டியே தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது கடந்தபின் கஞ்சா வழக்கில் சிக்கிய இளைஞனுக்கு, அபராதத்தோடு விஷயம் முடிந்துவிட்டாலும், காக்கிச் சட்டை ஏறக்குறைய எட்டாக் கனிதான். கசப்பான இந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை.

ஆனால் பதினெட்டு நிறையாதவனின் கதை வேறு. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படி விசாரிக்கப்பட்ட சிறுவனுக்கு அந்தக் குற்றத்தினால் எந்தத் தகுதிக் குறைவும் நேராது என்கிறது. கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. பிள்ளைப் பிராயத்துப் பிழை பிள்ளைப் பிராயத்தோடு போகட்டும் என்பது சட்டத்தின் நோக்கம்.

பிற நாட்டு வழக்கம்

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனமான எப்.பி.ஐ., ஒரு காலத்தில் லாகிரி தொட்டவனை என்றென்றைக்கும் ஒதுக்கிவிடுவதில்லை. மனுச் செய்வதற்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் கஞ்சாவையும், பத்து வருஷத்துக்குள் மற்ற லாகிரிகளையும் தொட்டிருக்கக் கூடாது என்பது அதன் விதி. கஞ்சாவுக்கு மூன்று வருஷமாக இருந்த கெடு 2021-ல் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பொய் சொன்னவனுக்கு அங்கே இடமே கிடையாது. பழக்கத்துக்குக் கெடு வைத்தவர்கள் பொய்க்குக் கெடு வைக்கவில்லை.

நாம் சொன்ன பதில்

பிள்ளைப் பருவத்து வழக்கை எழுத வேண்டியதே இல்லை என்றுகூட வாதிக்கலாம் என்றார் நண்பர். வாதிக்கலாம், அந்த வாதத்துக்குரிய இடம் கோர்ட்டு. பையனிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, பதினேழு வயதில் நீ செய்தது பிள்ளைத் தவறு. அதைச் சட்டமே மன்னித்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் பொய்க்குக் கையெழுத்திட்டால், அது வளர்ந்த மனிதன் அறிந்து செய்யும் குற்றம். அதை மன்னிக்க எந்தப் பிரிவும் இல்லை. கேட்டதற்கு உண்மையை எழுது. குழுமத்தின் உத்தரவையும், 24-ஆம் பிரிவையும், சிகிச்சை பெற்ற விவரத்தையும் சேர்த்து எழுது. கேளாததை எழுதிப் புலம்பவும் வேண்டாம்."

"வேலை போய்விட்டால், ஸார்?"

"போகலாம். அப்படிப் போனால் நியாயம் கேட்க உனக்கு வாய் இருக்கும். பொய் எழுதி வேலை பெற்றாலோ, அந்த வாயை நீயே அடைத்துக்கொண்டவனாவாய்."

அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு நம்முடைய பேனாவையே வாங்கி எழுதினான். கை சற்று நடுங்கிற்று.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையாகி, உபயோகித்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவன், தானே முன்வந்து சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து அவனுக்கு விலக்குக் கிடைக்கும். சிகிச்சையை நடுவில் விட்டால் விலக்கும் போய்விடும். மானம் போகிறதே என்று பிள்ளையை அறைக்குள் அடைத்து வைப்பவர்கள், வழக்கு என்று ஒன்று முளைப்பதற்கு முன்பே வைத்தியரை நாடுவார்களானால், பிற்பாடு எந்தப் பாரத்துக்கும் அஞ்சவேண்டியிராது.

சர்க்காரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பத்தொன்பது வயதில் தவறி, சிகிச்சை பெற்று, ஆண்டுக்கணக்காகச் சுத்தமாக இருந்து, அதை ஒளிக்காமல் எழுதும் வாலிபனையும், அதே தவற்றை மறைப்பவனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? உண்மையைச் சொல்பவனுக்கும் நஷ்டம், மறைப்பவனுக்கும் நஷ்டம் என்றால், வாலிபர்கள் மாமாவின் யோசனையைத்தானே கேட்பார்கள்?

நம் மாணாக்கனுக்கு இன்னும் பதில் வரவில்லை. தினமும் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறான். நம்மைக் கண்டால் தலை குனிவதில்லை. கையசைத்துவிட்டு, மேலும் ஓடுகிறான்.