புகையாய்ப் போகும் விறகு

மார்கழிக் காலையில் கீழ்க்கட்டளைத் தெருக்களில் ஒரு புகை தரையோடு தவழும். காலி மனையில் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகு, தென்னை மட்டை, கழித்துப் போட்ட முருங்கைக் கிளை எல்லாம் பனி ஈரத்தில் கொழுந்துவிடாமல் வெயில் ஏறும்வரை கனன்றுகொண்டிருக்கும். இழுப்பு நோயாளி இருக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

அந்தப் புகை, எரியாமல் தப்பித்த எரிபொருள். விறகு சூடேறும்போது வாயுக்கள் பிரிகின்றன. அடுப்பில் ஆடும் தழல் அவை எரிவதுதான். காற்றைக் குறைத்து அளந்து விட்டு, அந்த வாயுவை ஆயிரம் டிகிரியை ஒட்டிக் கனலும் கரிப்படுகை வழியே இழுத்தால் தார் பெரும்பாலும் சிதைந்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். குளிரவைத்து வடிகட்டினால் எஞ்சினுக்கு விடலாம். பாதி நைட்ரஜன் என்பதால் வீரியம் குறைவு. இயற்கை எரிவாயுவின் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு இருந்தால் ஒரு யூனிட் மின்சாரம் தேறும்.

நம் தாத்தாக்களுக்கு இது பழகிய சங்கதி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது இங்கே கரி பஸ் ஓடியது. வண்டியின் பின்னால் ஓர் இரும்பு உருளை. கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதி, கரி கனன்ற பிறகுதான் பஸ் கிளம்பும். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இதற்கான கேஸ் பிளான்ட்டையே வடிவமைத்துத் தயாரித்தார். மேட்டில் திணறும் வண்டிதான். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

எல்லோரும் மறக்கவில்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2003இல் விறகை இப்படி வாயுவாக்கும் 9 கிலோவாட் கேசிஃபயர் ஒன்றை நிறுவியது. குடிநீர் மோட்டாருக்கான கரண்ட் பில்லைக் குறைக்கத்தான். 2006இல் அதே ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலையும் வாங்கியது. பெரிய ஆலை வேண்டாம், ஊர் மோட்டார் ஓடினால் போதும் என்று தொடங்கிய அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த எங்கள் கீழ்க்கட்டளையில் இது நடக்குமா? நடக்கும் என்றே நம்புகிறேன். இயந்திரத்தைவிட விறகைப் பக்குவப்படுத்துவதுதான் பெரிய வேலை. பச்சைக் கிளையில் பாதி தண்ணீர். அப்படியே போட்டால் தார் சுரந்து எஞ்சினை அடைத்துவிடும். துண்டு போட ஒரு மெஷின், காயவைக்கக் கூரை, பழகிய ஆள் ஒருவர், இவை முதலில் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆகவே காற்றோட்டமான கொட்டகைதான் சரி, வீட்டு வளாகம் கூடாது. சமையலறை ஈரக்கழிவு இதற்கு ஆகாது. அது சாண எரிவாயுக் கலத்தின் இரை.

2022 ஏப்ரல் 27இல் பற்றிய பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் புகைந்தது. எங்கள் தெருக் கிளையும் மட்டையும் அப்படியொரு மேட்டில் போய்ச் சேர வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் கூரையடியில் கிடந்தாலே நன்றாகக் காய்ந்துவிடும். தெருவிளக்குக்கோ, குடிநீர் மோட்டாருக்கோ உதவும். எரிந்து எஞ்சும் கரித்தூள் தொட்டிச் செடிக்கு.