திருப்பதியில் சமய வாத்தியார்

ஊரே கோவிந்தா என்று கண்விழிக்கிறது. ஆனால் திருப்பதியின் அரசு உயர்நிலைப் பள்ளி எதிலும் சமய ஆசிரியர் என்றொரு பணியிடம் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது விந்தையாகப்படும். அங்கே சமயம் சாதாரணதரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடம். சைவநெறி கற்பிக்கவென்றே ஆசிரியர்களைப் பயிற்றுகிறார்கள்.

சித்தூர்ச் சீமையின் மிஷன் பள்ளிகளிலும் ஒரு காலத்தில் அப்படி ஓர் ஆள் இருந்தார். திருத்தணியில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1896இல் திருப்பதிக்குப் படிக்க வந்து சேர்ந்தது ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில். சித்தூர்ப் பக்கம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளிகள். மிஷன் பள்ளி என்றால் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் இருப்பதுபோல வேதாகமத்துக்கும் ஒரு பீரியட் உண்டு. அதை எடுப்பவர் துரையாக இருப்பார், இல்லையென்றால் உபதேசியார். உபதேசியார்களைப் பயிற்றுவிக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சித்தூர்ப் பக்கத்துப் பலமநேரிலேயே ஆற்காடு மிஷன் ஓர் இறையியல் பள்ளி வைத்திருந்தது. மறுபக்கம் வேத பாடசாலை. குரு ஒருமுறை சொல்ல, பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறைதான் அங்கே எல்லாம். மனப்பாடம் முழுமையானால் மாணவரே வாத்தியார். கற்பிக்கத் தனிப் பயிற்சி எதற்கு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ராதாகிருஷ்ணன் 1910இல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்தார். அது அரசுக் கல்லூரி; 1854ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்திலிருந்தே சமயத்தில் நடுநிலை என்பது அரசின் கொள்கை; ஆகவே சமயம் கற்பிக்கும் பயிற்சிக்கு அங்கே இடமில்லை. பிற்பாடு அவர் தலைமையில் அமைந்த 1948–49 பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறு, அடுத்த ஆண்டு எல்லோருக்கும் பொதுவான மறைப் பகுதிகள், மூன்றாமாண்டில் சமயத் தத்துவம் என்று பரிந்துரைத்தது. அருமையான திட்டம்தான். ஆனால் அதைச் சொல்லித்தர வேண்டிய ஆசிரியரை யார் தயார் செய்வது? அங்கேதான் அது காகிதத்தோடு நின்றது என்பது என் எண்ணம்.

1950இல் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு கோடு போட்டுவிட்டது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசு நிர்வகித்தாலும், சமய போதனையைக் கட்டாயமாக்கும் அறக்கட்டளை ஒன்றால் நிறுவப்பட்டதாயின் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம்தான் கண்முன் வரும். திருமலை தர்மகிரியில் அதன் வேத பாடசாலை இன்றும் நடக்கிறது. 2006 முதல் வேதப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளி வாத்தியாராக விரும்புகிறவருக்கு வழி வேறு. திருப்பதியில் அறுபதுகளின் தொடக்கத்தில் உருவான சமஸ்கிருத வித்யாபீடம் 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 2020இல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் என்ற மத்தியப் பல்கலைக்கழகமானது. அதன் 'சிக்ஷா சாஸ்திரி' பி.எட்.டுக்குச் சமம். 2015 முதல் நாடெங்கும் பி.எட். போல இதுவும் இரண்டாண்டு. லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங், பள்ளிக்குப் போய் டீச்சிங் பிராக்டிஸ், எல்லாம் உண்டு. வேதாந்தமோ ஜோதிடமோ கற்றவர், எட்டாம் வகுப்புக்கு ராம சப்தம் நடத்த நிமிடக் கணக்கில் குறிப்பு எழுதுகிறார். பாடசாலைத் திண்ணைக்கு அருகில்கூட வர முடியாதிருந்த சாதிகளுக்கும் பெண்களுக்கும் இந்த வகுப்பில் இடம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் இடஒதுக்கீடும் உண்டு. எனக்கு இதுதான் பெரிய மாற்றம்; கட்டடமும் பெயர்ப்பலகையும் மாறியது அப்புறம்தான்.

படிப்பு முடிந்ததும் சி-டெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, கேந்திரிய வித்யாலயாவுக்கு விண்ணப்பிக்கலாம். பதவியின் பெயர் சமஸ்கிருத ஆசிரியர்; சமய ஆசிரியர் அல்ல. பல சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு, சமய போதனை வேறு என்று அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பாடப்புத்தகத்தில் கீதைச் சுலோகம் வந்தால் அவர் சந்தி பிரிப்பார், அந்வயம் சொல்வார், பொருளும் சொல்வார். கண்ணன் கடவுளா என்று ஒரு பையன் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு லெசன் பிளானில் கட்டம் இல்லை.